தெம்பு வேறு, உற்சாகம் வேறு

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கான கையேடு ஒன்று சென்ற வாரம் மெய்ப்புத் திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. ‘உற்சாகமாக உணர்ந்தால் எழுந்து நடக்கலாம்’ என்றது அதன் ஒரு வரி. இதே பிழையைப் பலருடைய படிகளில் அடித்துத் திருத்தி அலுத்துவிட்டதால், இம்முறை ஓரக்குறிப்போடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

உற்சாகம் மனத்தைச் சேர்ந்தது. தெம்பு உடலைச் சேர்ந்தது. வெளியூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும்போது படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு உற்சாகம் பொங்கத்தான் செய்யும், ஆனால் அவருடைய கால்களுக்குத் தெம்பு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. கையேட்டை நம்பி அவர் எழுந்து நடந்து, தலை சுற்றி விழுந்தால் அது யாருடைய பிழை? நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பவர் எதிலும் மனம் ஒட்டாமல், உற்சாகமே இல்லாமல் நாளைக் கழிப்பதும் உண்டு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்ற எண்ணமும், அகராதியில் ஒரே வரியில் நிற்பதால் எதை எடுத்துப் போட்டாலும் சரிதான் என்ற எண்ணமுமே இத்தனைக்கும் காரணம். ‘உற்சாகமாக உணர்கிறேன்’ என்ற தொடரே ஆங்கிலத்திடம் வாங்கிய இரவல் என்பது தனிக் கதை. ‘உற்சாகமாக இருக்கிறது’ என்பதுதான் நம் வழக்கு.

புத்துணர்ச்சிக்கு முன்னால் ஒரு சோர்வு இருந்தாக வேண்டும். கோயில் யானைகளுக்காக 2003இல் முதுமலையில் தொடங்கிய முகாமைப் பத்திரிகைகள் ‘புத்துணர்வு முகாம்’ என்று எழுதியது பொருத்தமே, ஏனெனில் ஆண்டு முழுவதும் கல்தரையில் நின்று களைத்த யானைகள் அவை. நேற்றுத் திறந்த கடைக்கு விளம்பரத்தில் எதற்குப் புத்துணர்ச்சி?

ஊக்கம் நீடித்து நிற்கும் உள்ளுறுதி. திருக்குறளில் 60ஆம் அதிகாரமான ஊக்கமுடைமையை அடுத்து மடியின்மையும் (சோம்பல் இல்லாமை) ஆள்வினையுடைமையும் (விடாமுயற்சி) வருவதைப் பார்த்தாலே, அது ஒரு காலைப்பொழுதின் குதூகலம் அன்று என்பது விளங்கும். சத்துமருந்து ஒன்றுக்கு ‘சிறந்த ஊக்கமருந்து’ என்று விளம்பரம் எழுதியவர், விளையாட்டுச் செய்திகளில் எதற்காக வீரர்களின் பதக்கத்தைப் பறிக்கிறார்கள் என்பதை ஒருமுறையாவது படித்திருக்கலாம்.

உத்வேகம் என்பது வடமொழியில் பதற்றத்தையும் கலக்கத்தையும் குறித்த சொல். தமிழில் அது நம்மை முடுக்கிவிடும் விசையாகிவிட்டது. ஆகவே யாரிடமிருந்து அல்லது எதிலிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் வாக்கியம் நிறைவு பெறும். சுறுசுறுப்பு, செயலில் பிறர் கண்ணுக்குத் தெரிவது. விறுவிறுப்பு கதைக்கும் ஆட்டத்துக்கும் உரியது. எழுச்சியைக் கூட்டத்துக்கு விட்டுவிடுங்கள். கிளர்ச்சியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்: ‘ஊழியர்களிடையே கிளர்ச்சியை ஏற்படுத்தும் பயிற்சி’ என்று அச்சேறியிருந்தால் அந்த நிர்வாகத்தின் கதி என்னவாகியிருக்கும்!

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். களைத்திருப்பது உடலா, மனமா என்று மூலத்தை எழுதியவரிடமே கேளுங்கள். கேட்பதால் மதிப்புக் குறையாது. பேச்சுவழக்குச் சொல் என்று தெம்பை ஒதுக்குகிறவர்கள், கையேட்டைப் படிக்கப்போகும் நோயாளி மருத்துவரிடம் ‘உடம்பில் தெம்பே இல்லைங்க’ என்றுதான் சொல்வார் என்பதை நினைவில் வையுங்கள். அந்த வரியை ‘உடலில் தெம்பு இருந்தால் மட்டும், ஒருவர் துணையோடு எழுந்து நடக்கவும்’ என்று மாற்றி, துணை என்ற சேர்க்கைக்கு மருத்துவரின் ஒப்புதல் கேட்டுப் படியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.