கை ஏன் மரத்துப்போகிறது?

இங்கிலாந்தின் கவன்ட்ரியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து 1969ஆம் வருடத்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கியிருக்கிறார். தினமும் வேலைக்குப் போவது அதில்தான். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு இறங்கினால் விரல்கள் மரத்துப்போய், ஜாக்கெட் ஜிப்பைக்கூடக் கழற்ற வரவில்லையாம். மனைவியின் யமஹா எம்டி-07இல் அதே சாலையில் அதே வேகத்தில் போனால் ஒன்றுமே தெரிவதில்லை. "இரண்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள். கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் ஏன் இப்படி?" என்பது கேள்வி. "பழசு, அதான்" என்றாராம் அங்குள்ள மெக்கானிக். அந்தப் பதிலில் வாசகருக்குத் திருப்தியில்லை. எனக்கும் இல்லை. அந்த வண்டி புத்தம் புதிதாக இருந்தபோதும் கை மரத்துத்தான் போயிருக்கும்.

தினசரி ஓட்டத்தில் தெரியும் மற்ற வித்தியாசங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் வண்டியில் பெரும்பாலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். காலையில் கிளப்ப வேண்டுமென்றால், கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் குமிழைப் பெட்ரோல் விரலில் கசியும்வரை அழுத்திவிட்டுத்தான் கிக்கரை உதைக்க வேண்டும். ஜப்பானிய வண்டியில் பொத்தானைத் தொட்டால் போதும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் எண்ணெய் ஒழுகுவதற்கும் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் இன்ஜின் கூட்டை இடம், வலம் என்று செங்குத்தாக இரண்டாகச் செய்து ஒட்டினார்கள். அதனால் ஒட்டுவாய் அடிவரை போய் எண்ணெயில் நனைகிறது. ஹோண்டா போன்றவர்கள் டிபன் பாக்ஸ் மாதிரி மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்தார்கள். ஒட்டுவாய் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்விட்டது. சரி, இப்போது கை மரத்துப்போகும் கதைக்கு வருவோம்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கெல்லாம் வழிகாட்டி, எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937இல் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பீட் ட்வின். அதன் வழிவந்த 649 சிசி போனவில் 1959இல் வந்தது. இந்த இன்ஜின்களில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பெட்ரோல் எரிவது மட்டும் இரண்டு சிலிண்டர்களிலும் மாறி மாறி நடக்கும். சீரான இடைவெளியில் எரிவதால் ஒரே கார்புரேட்டரை வைத்தே சமாளிக்கலாம், சத்தமும் அழகாக இருக்கும். அதற்குக் கொடுத்த விலைதான் அதிர்வு.

ஒரு சின்னக் கணக்கு. போனவில்லில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 4500 சுற்று என்றால் நொடிக்கு 75 முறை அது உச்சிக்குப் போய், அங்கே சட்டென்று நின்று, திரும்ப வேண்டும். பிஸ்டனும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் சாமான்களும் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் ஒரு பிஸ்டனைத் திருப்ப ஏறக்குறைய 350 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். இரண்டும் ஒன்றாகத் திரும்புவதால் 700 கிலோ. அடியில் திரும்பும்போது அவ்வளவு இல்லை, சுமார் 420 கிலோ. (இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.) வண்டியின் எடையே 200 கிலோவுக்குள்தான். அப்படியானால் அது ஏன் சாலையை விட்டு எகிறவில்லை? மேலே இழுத்து முடிப்பதற்குள் கீழே இழுப்பு வந்துவிடுகிறது. வண்டி நகர்வது மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு. அந்தச் சின்னப் பங்குதான் நொடிக்கு 75 முறை உள்ளங்கையில் வந்து முட்டுகிறது.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். பிஸ்டனுக்கு எதிரே அந்தக் கிராங்கில் ஓர் எடையை வைத்துச் சமன் செய்தால் என்ன? வைத்துத்தான் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பிஸ்டன் மேலும் கீழும் மட்டும் போகிறது, கிராங்க் எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. முழு எடையையும் வைத்தால் மேல்-கீழ் ஆட்டம் அடங்கி, அதே அளவுக்கு முன்-பின் ஆட்டம் கிளம்பும். பாதி வைத்தால் இரண்டிலும் பாதிப் பாதி. கூட்டினாலும் குறைத்தாலும் அதிர்வு திசை மாறுமே தவிரப் போகாது.

ஏன் போகாது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. களத்து மேட்டில் ஒரு கம்பம் நட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கயிற்றை அதில் கட்டி, இழுத்துப் பிடித்தபடி கம்பத்தைச் சுற்றி நடக்கிறார்கள். வேகம் ஒன்று, பலமும் ஒன்று; ஆனால் ஒருவர் வலமாக, மற்றவர் இடமாக. இருவரும் வடக்கே சந்திக்கும்போது கம்பம் இரு மடங்கு பலத்தோடு வடக்கே இழுபடும். கால் சுற்று நடந்ததும் ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே. இழுப்பு ஒன்றையொன்று தின்றுவிடும். அடுத்த கால் சுற்றில் இருவரும் தெற்கே சந்திப்பார்கள். நடப்பவர்கள் வட்டமாகத்தான் நடக்கிறார்கள். கம்பத்துக்குத் தெரிவதோ வடக்கு-தெற்கு ஆட்டம் மட்டும்!

இதைத் திருப்பிப் பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் எந்த ஆட்டத்துக்குள்ளும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். பிஸ்டனின் ஆட்டத்திலும் அப்படித்தான். கிராங்கோடு சேர்ந்து அதே திசையில் சுற்றுகிற ஆளை, கிராங்கில் வைத்த பாதி எடை பிடித்து நிறுத்திவிடும். இன்னொருவர் எதிர்த்திசையில் போகிறார். கிராங்கில் என்ன வைத்தாலும் அவரைப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமானால் அவர் போகும் திசையிலேயே ஒருவரை அனுப்ப வேண்டும். அதாவது, கிராங்கோடு பல்சக்கரத்தால் இணைந்து, அதே வேகத்தில் தலைகீழாகச் சுற்றும் ஒரு தண்டு. அதில் அரை நிலா வடிவில் ஓர் எடை. இதுதான் பேலன்சர் ஷாஃப்ட். கையடக்கமான ஓர் இரும்புத் துண்டு, நூற்றுக்கணக்கான கிலோ இழுப்பை ஓசைப்படாமல் விழுங்கிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், சுழலும் எடைகளை வைத்து இன்ஜின் அதிர்வை அடக்கும் வித்தையில் முன்னோடி ஒரு பிரிட்டிஷ்காரர்தான். ஃப்ரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற பொறியாளர் பர்மிங்காமில் கார் செய்துகொண்டே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் காட்டிவிட்டார். போனவில் தயாரான மெரிடன் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ஆனால் மோட்டார் சைக்கிள் முதலாளிகள் பழைய இயந்திரங்களை வைத்துப் பழைய இன்ஜினையே பெரிதாக்கிக்கொண்டு போனார்கள். ஆராய்ச்சியை வெட்டிச் செலவாகப் பார்க்கும் புத்தி எந்த ஊர்த் தொழிலையும் இப்படித்தான் சாப்பிடும் என்பது என் கட்சி. நார்ட்டன் நிறுவனம் மட்டும் 1967இல் தன் கமாண்டோ வண்டியில் ஒரு தந்திரம் செய்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கரக் கை எல்லாவற்றையும் ஒரு கூட்டமாக்கி, ரப்பர் வைத்து ஃபிரேமில் தொங்கவிட்டது. இன்ஜின் உள்ளே ஆடிக்கொண்டேயிருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. நல்ல யோசனைதான், ரப்பர்களின் இடைவெளியை அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் வளைவில் வண்டி நெளியும்.

ஜப்பானியர்களுக்கும் இது எடுத்த எடுப்பில் வாய்க்கவில்லை. 1972இல் வந்த யமஹா டிஎக்ஸ்750இல் பேலன்சர் வைத்தார்கள். வேகமாகப் போகும்போது அந்த எடைகளே எண்ணெயை மோர் கடைவதுபோல் கடைந்து நுரைக்கவிட்டு, பேரிங்குகளைக் காயப்போட்டன. வண்டி தோற்றது, பாடம் தங்கியது. அதற்கு முன் 1969இல் ஹோண்டா சிபி750 வேறு வழியில் போனது. அதில் நான்கு பிஸ்டன்கள், இரண்டு ஏறும்போது இரண்டு இறங்கும். பெரிய ஆட்டம் பேலன்சர் இல்லாமலே அடங்கிவிடும். மேலே 700, கீழே 420 என்ற வித்தியாசம் மட்டும் மிஞ்சும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்வதால் வருவது அது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிப்பதால் வண்டு ரீங்காரம்போல மெலிதாக, வேகமாக இருக்கும். ஜப்பானிய வண்டி அதிரவே அதிராது என்பதெல்லாம் கட்டுக்கதை.

வாசகரின் மனைவி ஓட்டும் எம்டி-07 அந்த மிச்சத்தையும் கவனிக்கிறது. அதன் கிராங்க் 270 டிகிரி. ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது நடுவழியில் இருக்கும். அந்த இரட்டை வேக அதிர்வுகள் இரண்டும் நேரெதிராக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எஞ்சியதைப் பேலன்சர் பார்த்துக்கொள்கிறது. இன்றைய ட்ரையம்பும் 2016 முதல் போனவில்லில் 270 டிகிரிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து சென்னையில் நிலைகொண்ட ராயல் என்ஃபீல்டின் 2018ஆம் வருடத்து இன்டர்செப்டர் 650இலும் அதே கிராங்க், அதோடு பேலன்சர்.

வயதுதான் காரணம் என்று இன்னும் நினைப்பவர்களுக்குக் கவாஸாகி டபிள்யூ800ஐக் காட்டலாம். பழைய பிரிட்டிஷ் வண்டிபோலவே இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி இறங்கும் ஜப்பானிய வண்டி. வித்தியாசம், உள்ளே ஒரு பேலன்சர். கை மரப்பதில்லை.

"அதிர்வு போனால் வண்டிக்கு உயிரே போச்சு" என்கிற கூட்டம் ஒன்று உண்டு. புல்லட்டிலும் பேலன்சர் வந்தபோது நம் ஊரிலும் இந்த ஒப்பாரியைக் கேட்டேன். ரசனை அவரவர் இஷ்டம். ஆனால் வருடக்கணக்கில் அதிரும் கருவியைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு ரத்தக் குழாய் சுருங்கி விரல் வெளுத்துப்போகும் நோய் வருவது மருத்துவம் நன்றாக அறிந்தது. டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் அதைத் தடுக்காது.

வாசகருக்கு என் பதில்: இன்ஜினை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஹேண்டில்பார் முனைகளில் கனமான உருண்டை மாட்டுங்கள். அது அலங்காரமில்லை, பாரின் இயல்பான அதிர்வு வேகத்தை இன்ஜின் வேகத்திலிருந்து தள்ளி வைக்கும். வார நாட்களில் மனைவியிடம் சாவியைக் கேளுங்கள். கூடவே ஒரு சோதனையும் செய்யச் சொன்னேன். கராஜில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டாண்டின் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, நியூட்ரலில் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். போன வாரம் பதில் வந்தது. வண்டி கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை பின்னால் போயிருந்ததாம். கோட்டுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்ததாம்.