‘பலாகா’ அணியிலக்கணம் அன்று

அரபு நூல் ஒன்றின் தமிழாக்கத்தைச் சென்ற மாதம் படித்தேன். சொல்லைத் திறம்பட ஆளும் அரபுக் கலையான ‘பலாகா’ வரும் இடமெல்லாம் ‘அணியிலக்கணம்’ என்று போட்டிருந்தார்கள். மேடையில் பலமுறை கேட்டாயிற்று, பாடக்குறிப்புகளிலும் பார்த்தாயிற்று. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

பலாகா என்ற சொல்லின் வேர் எளியது: போய்ச் சேர்தல், எட்டுதல். சேர்ப்பித்தலைக் குறிக்கும் தப்லீக், பருவம் எட்டியவரைக் குறிக்கும் பாலிக் எல்லாம் இதே வேரில் பிறந்தவை. இந்தோனேசியர்களும் இவற்றைத் தப்லிக், பாலிக் என்று புழங்குகிறார்கள். ஆக, சொல் கேட்பவரிடம் போய்ச் சேர்வதுதான் பலாகா. அணி என்றால் நகை. சேர்வதற்கும் நகைக்கும் என்ன உறவு?

13ஆம் நூற்றாண்டில் சக்காக்கி என்ற அறிஞரும், அவருக்குப் பின் 1338இல் இறந்த கஸ்வீனியும் ஒழுங்குபடுத்தியபடி, இந்தக் கலைக்கு மஆனி, பயான், பதீஃ என்று மூன்று பிரிவுகள். உவமையும் உருவகமும் பயானில் வரும். முரண், சிலேடை போன்றவை பதீஃ. இவ்விரண்டையும் அணி என்று சொன்னால் சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் நிற்கும் மஆனியை என்ன செய்வது?

11ஆம் நூற்றாண்டின் அரபு இலக்கண அறிஞர் ஜுர்ஜானி சொல்லும் கதை ஒன்று உண்டு. தத்துவ அறிஞர் கிந்தி ஒரு மொழியறிஞரிடம் போய், அரபுகளின் பேச்சில் வெற்றுச் சொற்கள் மிகுதி என்று குறைப்பட்டார். ‘அப்துல்லாஹி நிற்கிறார்’ என்கிறார்கள். பிறகு ‘இன்ன’ என்ற உறுதிச்சொல்லைச் சேர்த்து அதையே சொல்கிறார்கள், அப்புறம் ‘ல’ என்று இன்னொன்றையும் சேர்க்கிறார்கள், பொருள் ஒன்றுதானே என்றார். இல்லை என்றார் மொழியறிஞர். முதலாவது வெறும் செய்தி. இரண்டாவது, நிற்கிறாரா என்று கேட்டவனுக்கு விடை. மூன்றாவது, நிற்கவே இல்லை என்று மறுப்பவனுக்கு மறுமொழி. இதில் உவமை எங்கே இருக்கிறது, உருவகம் எங்கே இருக்கிறது? கேட்பவரின் நிலையறிந்து வாக்கியத்தை அமைப்பது மட்டும்தான் இருக்கிறது. அதுதான் மஆனி. பேச்சு பிழையின்றி இருப்பதோடு சூழல் கேட்பதற்குப் பொருந்தியும் நிற்கவேண்டும் என்பதே கஸ்வீனி தரும் வரையறை. அணி என்று எழுதியவுடன் இந்த வரையறை முழுவதும் காணாமல் போகிறது. படிக்கும் மாணவர், இது செய்யுளை அழகுபடுத்தும் வேலை போலும் என்று நகர்ந்துவிடுகிறார்.

‘அணி நம் பழஞ்சொல், தூய சொல்’ என்று சிலர் வாதிடுகிறார்கள். தூய தமிழ் எனக்கும் வேண்டும். ஆனால் பொருள் மாறிய பிறகு தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு சிலர் ‘பேச்சுக்கலை’ என்கிறார்கள். அது அரபியில் கிதாபா, மேடையேறும் கதீபின், அதாவது சொற்பொழிவாளரின் வேலை. பலாகா எழுத்துக்கும் உண்டு. என் தேர்வு ‘சொல்வன்மை’. குறளின் 65ஆம் அதிகாரத்துக்கே அதுதான் தலைப்பு, ‘திறனறிந்து சொல்லுக சொல்லை’ என்ற அடியும் அதில்தான் வருகிறது. மஆனியை இதைவிட நெருங்கிய தமிழ்த்தொடர் எனக்குத் தெரியவில்லை.

இந்தோனேசியர்கள் பலாகாவைப் பெயர் மாற்றாமலே வைத்துக்கொண்டார்கள், அணிக்கு ‘மஜாஸ்’ என்ற அரபுச் சொல்லைத் தனியே எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் குழம்பவில்லை. அங்கே குழப்பம் வேறு வகை. அரபியில் ‘கலிமா’ என்றால் சொல், அவர்களின் ‘கலிமத்’ என்றால் வாக்கியம். தொடர்களிலும் இப்படித்தான். நபிகள், தம் மனைவியரில் கை நீளமானவரே தமக்குப் பின் முதலில் வந்து சேர்வார் என்றார். அவர்கள் கைகளை அளந்து பார்த்தார்கள். முதலில் இறந்தவரோ கொடையில் சிறந்த ஸைனப். நீண்ட கை என்றது கொடையைத்தான். ஆனால் இந்தோனேசியாவில் ‘பாஞ்சாங் தாங்கான்’, அதாவது நீண்ட கை, திருடனுக்குச் சொல்வது. நம்மிடமும் கை நீளம் என்றால் பாராட்டாக இருப்பது அரிது. சூழல் அறியாமல் சொல்லுக்குச் சொல் வைத்தால் கொடையாளி கள்வராகிவிடுவார்.

நான் படித்த அந்தத் தமிழாக்கத்திலும் இதுதான் நடந்தது. விருந்தோம்பலில் சிறந்தவரை அரபியில் ‘சாம்பல் மிகுந்தவர்’ என்பார்கள். நாளெல்லாம் அடுப்பு எரிந்தால்தானே சாம்பல் குவியும். மொழிபெயர்ப்பாளர் ‘அவர் சாம்பல் மிகுந்தவர்’ என்றே எழுதி, அடிக்குறிப்பில் ‘இது ஓர் அணி’ என்று முடித்துவிட்டார். ‘அவர் வீட்டில் அணையா அடுப்பு’ என்று எழுதியிருந்தால் எந்தத் தமிழருக்கும் அடிக்குறிப்பே வேண்டியிருக்காது.