எலெக்ட்ரானிக்ஸ் முன்மாதிரிக்கு 10 லட்சம் மானியம்: நிதி-பிரயாஸில் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

வீட்டு மேசையில் உட்கார்ந்து சொந்தமாக சர்க்யூட் போர்டு வடிவமைப்பவர்களுக்கும் அரசுப் பணம் கிடைக்கும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2016-ல் தொடங்கிய நிதி-பிரயாஸ் திட்டத்தில், ஒரு முன்மாதிரி செய்து முடிக்க 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. கால அளவு அதிகபட்சம் 18 மாதம். பின்னணி இவ்வளவு போதும். நல்ல போர்டைக் கையில் வைத்துக்கொண்டு காகிதத்தில் தோற்றுப்போனவர்களைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தை டெல்லிக்கு அனுப்பாதீர்கள். பிரயாஸ் மையம் என்று அங்கீகாரம் பெற்ற இன்குபேட்டர்கள், அதாவது புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்கள், வழியாகத்தான் இது நடக்கிறது. கோவையில் பிஎஸ்ஜி-ஸ்டெப், ஃபோர்ஜ் ஆகியவை இந்தத் திட்டத்தை நடத்தியிருக்கின்றன. மையத்துக்கு மையம் அறிவிப்பு வரும் நேரம் வேறு. "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று போனில் சொன்னதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியக் குடிமகனாக, 18 வயது நிரம்பியவராக இருந்தால் தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம். "கம்பெனி பதிவு செய்தால்தான் கிடைக்கும்" என்று சொல்லி உங்களிடம் ஃபீஸ் கறக்கிறவரை நம்பாதீர்கள். பிரைவேட் லிமிடெட் தொடங்கிவிட்டால், ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டாலும் வருடா வருடம் தணிக்கையும் கணக்குத் தாக்கலும் உங்கள் தலையில் விழும். இன்னொன்று, கையில் தொடக்கூடிய பொருள் இருக்க வேண்டும். வெறும் ஆப், வெறும் மென்பொருள் என்றால் எடுத்த எடுப்பிலேயே வெளியே.

அதிகம் பேர் விழுவது தடையில்லாச் சான்றில்தான். மாணவர் என்றால் கல்லூரி கொடுக்க வேண்டும், வேலையில் இருப்பவர் என்றால் நிறுவனம் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவன் நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் கருவி செய்தான். சான்று கேட்டுப் போனபோது, துறைத்தலைவர் பெயரை முதலில் போட்டால் கையெழுத்து, இல்லாவிட்டால் கிடையாது என்றார்கள். அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அநியாயம்தான், ஆனால் இது அபூர்வமில்லை. அதனால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கடிதம் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கி வையுங்கள். வேலையில் இருப்பவர்கள் முதலில் நியமன ஒப்பந்தத்தைப் படியுங்கள். நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் ஒரு வரி இருக்கலாம்.

வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். தேர்வுக்குழு "காப்புரிமை எடுத்தீர்களா?" என்று கேட்கும். வடிவமைப்பை ஏற்கெனவே கிட்ஹப் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தால், பொதுவாக அதற்குக் காப்புரிமை கேட்க முடியாது. அதை மழுப்ப வேண்டாம். யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் செர்ன் திறந்த வன்பொருள் உரிமத்தில் வெளியிடுகிறேன், கிட் விற்பனையிலும் பராமரிப்பிலும் வருமானம் வரும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பொழுதுபோக்குக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதினால் எடுக்க மாட்டார்கள். சந்தைக்குப் போகக்கூடிய பொருளுக்குத்தான் இந்தப் பணம். மையத்தோடு போடும் ஒப்பந்தத்தில், வடிவமைப்பை வெளியிடக்கூடாது என்கிற ரகசியக் காப்பு விதி இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் நடக்காது.

பணம் மொத்தமாக வராது. மைல்கல் முடிய முடியத் தவணையாக வரும், தாமதமாகவும் வரும். வட்டிக்கு வாங்கி போர்டு ஆர்டர் போடாதீர்கள். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பில் இல்லாமல் பத்து ரூபாய் குறைத்துத் தருவார்கள். அந்தப் பத்து ரூபாய்க்கு ஆசைப்பட்டால் பணத்தை எதற்குச் செலவழித்தீர்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று எழுதும்போது கணக்கு இடிக்கும், அடுத்த தவணையும் நிற்கும். ஆஸிலோஸ்கோப், லேப்டாப் வாங்கிக்கொள்ளலாம் என்றும் திட்டம் போடாதீர்கள். கருவிகளுக்கு மையத்தில் பிரயாஸ் ஷாலா என்ற பட்டறை இருக்கிறது, அதைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

ஸ்டார்ட்அப்களுக்குத் தொடக்கப் பணம் தரும் தமிழக அரசின் டான்சீட் திட்டமும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டான்சீடுக்குப் பதிவு செய்த ஸ்டார்ட்அப் வேண்டும், கம்பெனிப் பங்கிலும் 3 சதவீதம் கொடுக்க வேண்டும். தெரிந்து போனால் தப்பில்லை, பங்கு கேட்காத வெறும் மானியம் என்று நினைத்துப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதிலே வராவிட்டால், அந்த மையத்துக்கு எவ்வளவு பணம் போனது, எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனிலேயே கட்டலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.