வரவேற்பு நிலையம்: யாரை யார் வரவேற்கிறார்?

எங்கள் சனிக்கிழமை மாலை வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. அந்த வாரம் படித்த பிரெஞ்சுச் செய்தி ஒன்றைப் பத்து வரித் தமிழில் எழுதி வர வேண்டும். போன மாதம் ஒருத்தி, படகில் தீவுகளுக்கு வந்து சேர்கிறவர்களைப் பற்றிய செய்தியை எடுத்து வந்திருந்தாள். அவர்களைத் தங்கவைக்கும் இடம் ‘சாந்த்ர் தாக்கேய்’ என்று பிரெஞ்சில் இருந்ததை ‘வரவேற்பு மண்டபம்’ என்று எழுதியிருந்தாள். அடுத்த வரி: ‘மழை பெய்தால் மண்டபத்துக்குள் தண்ணீர் வருகிறது.’ வகுப்பே சிரித்தது. மொரீஷியஸில் எங்கள் ஊரான ரோஸ்ஹில்லில் வரவேற்பு என்றால் வாசலில் வாழைமரம், மேசையில் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, ஒரு தட்டு கற்கண்டு.

“அகராதியில் அப்படித்தான் இருக்கு ஐயா” என்றாள். உண்மைதான். பிழை அவளுடையது இல்லை.

ஆங்கிலத்தில் இதை ‘ரிசப்ஷன் சென்டர்’ என்பார்கள். ரிசப்ஷனுக்கு வேர் ‘ரெகிபெரே’ என்ற லத்தீன் சொல். பெற்றுக்கொள், ஏற்றுக்கொள் என்று பொருள். கடையில் தருகிறார்களே ‘ரிசீட்’, அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். ஆக அந்தச் சொல்லில் மாலையும் பன்னீரும் கட்டாயம் இல்லை; வந்ததை வாங்கிப் பதிவேட்டில் எழுதினாலும் ரிசப்ஷன்தான். தமிழ் ‘வரவேற்பு’ அப்படியில்லை. வரவை ஏற்பது என்று பிரித்தாலும், முகம் மலர்வது அதற்குள்ளேயே இருக்கிறது. முகம் சுளித்து வரவேற்றார் என்று யாரும் எழுதுவதில்லை.

ஐரோப்பியச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வெளியிட்ட நெறிமுறையில் ‘வரவேற்பு நிலைமைகள்’ என்றால், புகலிடம் கேட்டு வந்தவர்களுக்குத் தர வேண்டிய தங்க இடம், சாப்பாடு, உடை, கைச்செலவுப் பணம். மருத்துவமும் அதோடு சேரும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் 3 மாதத்துக்குமேல் தள்ளிப்போகக் கூடாது; விண்ணப்பத்துக்கு 9 மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் பெரியவர்கள் வேலைக்குப் போக வழி செய்ய வேண்டும் என்றது அந்த 2013 நெறிமுறை. தமிழில் இதைப் ‘பராமரிப்பு’ என்று சொன்னால் கிட்டத்தட்டச் சரியாக வரும். ‘மனிதாபிமான உதவி’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதும் இந்தப் பொருளில்தான். அதை மனிதநேய உதவி என்றோ துயர்துடைப்பு என்றோ சொல்லலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

பேரிடர்ப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு ஒன்று உண்டு: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தலைக்குமேல் கூரையோடு 3.5 சதுர மீட்டர் இடம். இந்தக் கடைசி எண் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மேசைகளை ஒதுக்கிவிட்டுச் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டேன். 2 மீட்டர் நீளம், ஒன்றே முக்கால் மீட்டர் அகலம். ஒருவன் உள்ளே படுத்துப் பார்த்தான். பக்கத்தில் அவனுடைய புத்தகப் பை, செருப்பு, தண்ணீர்ப் போத்தல் வைத்ததும் கட்டம் நிறைந்துவிட்டது. குறைந்தபட்சமே இவ்வளவுதான். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் மோரியா முகாம் இருந்ததே, சுமார் 3,000 பேருக்குக் கட்டியது. 2020 தொடக்கத்தில் முகாமிலும் அதைச் சுற்றியும் ஏறக்குறைய 20,000 பேர் இருந்தார்கள். அந்த செப்டம்பரில் அது தீப்பிடித்து அழிந்தது. அதன் அலுவல் பெயர் ‘வரவேற்பு மற்றும் அடையாளங்காணல் மையம்’. நவ்ரு தீவில் ஆஸ்திரேலியா நடத்திய முகாமுக்குப் பெயர் இன்னும் விசேஷம். அங்கே ‘ப்ராசஸிங்’ மையம் என்றார்கள். நேராகத் தமிழாக்கினால் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலை போல இருக்கும்.

வந்து சேர்கிறவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களையும் பார்த்துவிடலாம். ‘அகதி’ வடசொல். கதி என்றால் போக்கு, போய்ச் சேரும் இடம். ‘நீயே கதி’, ‘அதோகதி’ இரண்டிலும் அதுதான். அ சேர்ந்தால் கதியற்றவர். சொல் துல்லியமானதுதான். ஆனால் சட்டத்தில் அகதி வேறு, அகதியாக ஏற்கும்படி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் வேறு. நம் செய்தித்தாள்கள் இரண்டு பேரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஈழத்துப் பத்திரிகைகள்தான் காத்திருப்பவரைப் ‘புகலிடக் கோரிக்கையாளர்’ என்று கவனமாக எழுதுகின்றன. கொஞ்சம் நீளம், ஆனால் சரியான சொல். பேச்சில் ஈழத்தவரே ‘அசைலம் அடிச்சிருக்கிறார்’ என்று முடித்துக்கொள்வார்கள். அந்த அசைலம் கிரேக்கச் சொல். பறித்துச் செல்ல முடியாதது என்று பொருள். கோயிலுக்குள் ஓடிப் புகுந்தவனைக் கைவைக்கக் கூடாது என்ற வழக்கத்தில் பிறந்தது. பிரெஞ்சில் மனநல விடுதிக்கும் முதியோர் விடுதிக்கும்கூட இதே சொல் வழங்கியதால், இங்கே அதைக் கேட்டதும் வயதானவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும்.

தனித்தமிழ் விரும்புகிறவர்கள் ‘ஏதிலி’ என்பார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம். குறளில் ‘ஏதிலார் குற்றம்போல்’ என்று வரும் இடத்தில் ஏதிலார் என்றால் அயலார், நமக்குச் சம்பந்தமில்லாதவர். கரையேறி வந்தவரை முதல் சொல்லிலேயே சம்பந்தமில்லாதவர் என்று சொல்ல வேண்டுமா?

‘புகல்’ நல்ல சொல். புகு என்பதிலிருந்து வந்தது. திருவேங்கடமுடையான் முன் நம்மாழ்வார் தம்மைப் ‘புகல் ஒன்று இல்லா அடியேன்’ என்றார். அகதி என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது ‘அடைக்கலம்’. பாதுகாக்கச் சொல்லி ஒப்படைத்த பொருள் என்பது அதன் பழைய பொருள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை இடையர்குல மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். மாதரி பெரிய ஆள் இல்லை, மோரும் பாலும் விற்கிற வீடு. கோவலன் கொலையுண்டு, கண்ணகி நகரை எரித்துவிட்டுப் போன பிறகு, அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி தீயில் விழுந்தாள் என்கிறது காப்பியம். கேட்டு வந்தவரைவிட ஏற்றுக்கொண்டவர்மேல்தான் இந்தச் சொல் பாரத்தை வைக்கிறது. ரிசப்ஷன் சென்டருக்கு ‘அடைக்கல நிலையம்’ என்று சுலபமாகச் சொல்லிவிட எனக்குக் கூசுவது இதனால்தான்.

மொரீஷியஸ்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் இருக்கிறது. போர்ட் லூயிஸில் இன்று ஆப்ரவாசி காட் என்கிறோமே, 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, அது ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய டிப்போ. துறைமுகத்திலிருந்து 16 கல்படி ஏறி வந்தவர்கள் தோட்டத்துக்கு அனுப்பப்படும்வரை இரண்டு நாளாவது அங்கே தங்கினார்கள். டிப்போ என்றால் கிடங்கு. இப்போது பேருந்து நிற்கிற இடத்துக்கும் அதே பெயர்தான். 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல்களில் காலரா என்று வடக்கே உள்ள கேப்ரியல் தீவில் பயணிகளை இறக்கிவிட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே செத்துப்போனார்கள். அப்புறம்தான் பக்கத்தில் உள்ள ஃப்ளாட் தீவில் முறையான நோய்த்தடுப்பு நிலையம் கட்டினார்கள்.

இங்கே உள்ள போ பாஸன் என்ற ஊரின் கதை இன்னொன்று. 1940 டிசம்பரில், நாஜிகளிடமிருந்து தப்பிப் பாலஸ்தீனக் கரைவரை போய்விட்ட யூதர்கள் சுமார் 1,580 பேரை பிரிட்டிஷ் அரசு திருப்பி இங்கே கொண்டுவந்தது. தங்கவைத்த இடம் போ பாஸன் சிறைச்சாலை. ஆண்களுக்குச் சிறைக் கட்டடம், பெண்களுக்குப் பக்கத்தில் தகரக் குடில்கள். கணவன் மனைவி ஒன்றாக இருக்க விடவில்லை. மலேரியாவிலும் பிற நோய்களிலும் 120 பேருக்கு மேல் இறந்தார்கள். செயின்ட் மார்ட்டின் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகக் கிடக்கிறார்கள். 1945 ஆகஸ்டில்தான் மற்றவர்கள் கப்பலேறினார்கள். கோப்புகளில் அவர்களுக்குப் பெயர் ‘தடுத்து வைக்கப்பட்டோர்’. குறைந்தது பெயரிலாவது ஒளிவுமறைவு இல்லை.

டியேகோ கார்சியாவில் பிரிட்டிஷ்காரர்கள் பெயரே வைக்காமல் பார்த்தார்கள். நமக்கு வடகிழக்கே சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, சாகோஸ் கூட்டத்தில் உள்ள தீவு அது. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன படகு பழுதாகி இலங்கைத் தமிழர் 89 பேர் அங்கே கரை சேர்ந்தார்கள். ராணுவத் தளம் இருக்கும் அந்தத் தீவில் வேலி போட்ட இடத்தில் கூடாரம், பிள்ளைகளும் அங்கேதான். கூடாரத்துக்குள் எலி. காவலர் துணையில்லாமல் வேலிக்கு வெளியே போக முடியாது. பலர் அங்கே மூன்று ஆண்டுக்கு மேல் கிடந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலோரை லண்டனுக்குக் கொண்டுபோன சில நாளில் தீர்ப்பு வந்தது: அடைத்து வைத்தது சட்டவிரோதம். நீதிபதி மார்கரெட் ஓபி எழுதியதன் சாரம், அது சிறை என்று அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை, பெயரைத் தவிர எல்லாவற்றிலும் அது சிறைதான் என்பது. வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

தமிழிலும் இப்படிப் பெயர் சூட்டும் கைவரிசை உண்டு என்று சொல்லிவிட வேண்டும். முள்வேலிக்குள் லட்சக்கணக்கானோரை வைத்த 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாமை இலங்கை அரசு ‘நலன்புரி’ நிலையம் என்றது. தமிழ்நாட்டில் ஈழத்தவரை அடைத்து வைக்கும் இடத்துக்குப் பெயர் ‘சிறப்பு முகாம்’; என்ன சிறப்போ. 2021இல் அங்கே அகதிகள் முகாம் என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். முகாமே அரபியிலிருந்து வந்த சொல்தான், தங்குமிடம் என்று பொருள். அதைத் துரத்த வேண்டாம், நமக்குப் பழகிவிட்டது.

சரி, எதைத்தான் எழுதுவது? பக்கத்துத் தீவு ரீயூனியனில் 2018, 2019இல் இலங்கைப் படகுகள் வந்தபோது பிரெஞ்சுச் சட்டப்படி வைத்த இடத்துக்கு ‘சோன் தாதாந்த்’ என்று பெயர், அதாவது காத்திருப்பு வட்டம். முதலில் 4 நாள், அதற்கு மேல் வைத்திருக்க நீதிபதி அனுமதிக்க வேண்டும். காத்திருப்பு என்பது உள்ளதைச் சொல்கிறது. அதனால் வெளியே போய்வர முடிந்த இடத்துக்குப் ‘புகலிடக் கோரிக்கையாளர் தங்ககம்’ என்று எழுதச் சொன்னேன். கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தால், அரசு என்ன பெயர் வைத்திருந்தாலும் ‘தடுப்பு முகாம்’. ‘வரவேற்பு’ கல்யாணத்துக்கும் விடுதி மேசைக்கும் இருக்கட்டும்.

“அப்போ ரெஃபிஸியே?” என்று பின்வரிசைப் பையன் கேட்டான். அதை மறந்தே போனேன். கிரியோலில் எங்களுக்கு ரெஃபிஸியே என்றால் புயல் எச்சரிக்கை ஏறியதும் பாயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ ஊர் மண்டபத்துக்கோ போய்ப் படுக்கிறவர்கள். அவனுடைய பாட்டி 1960இல் கரோல் புயலின்போது ரெஃபிஸியேயாக இருந்தாராம். இன்றும் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வாராம். காற்று நின்றதும் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் கூரை இல்லை. அந்த ரெஃபிஸியேவுக்கு அகதி வேண்டாம், ‘புயலுக்கு ஒதுங்கியவர்’ போதும் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் அடுத்த வாரம் திருத்தி எழுதி வந்தாள். வரவேற்பு மண்டபம் போய்விட்டது, தடுப்பு முகாம் வந்திருந்தது. ஆனால் ‘கோரிக்கையாலர்’ என்று எழுதியிருந்தாள். அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன்.