பேறுகாலம் முடிந்த பிறகு ஏறும் எடை

எடையைக் குறைக்க வேண்டும் என்று ஆலோசனைக்கு வரும் இளந்தாய்மாரில் பெரும்பாலோர், "பிள்ளை பெற்றதில் வந்த உடம்பு, இனி இறங்காது" என்று தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இந்த எண்ணம் மாறுவதில்லை. ஆனால் அவர்களுடைய கர்ப்பகாலப் பதிவிலுள்ள எடையையும், பேறு முடிந்த ஆறாவது வாரத்து எடையையும், இன்றைய எடையையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரியவருகிறது. பலருக்கு ஆறாவது வாரத்தில் எடை நன்றாகவே இறங்கியிருக்கிறது. மூன்றாம் மாதத்துக்கும் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாளுக்கும் இடையில்தான் அது மறுபடியும் ஏறியிருக்கிறது. ஓர் உணவியலாளராக நான் பேச விரும்புவது இந்த இடைக்காலத்தைப் பற்றித்தான், ஏனெனில் இதைப் பற்றி வீட்டிலும் யாரும் பேசுவதில்லை, மருத்துவமனையிலும் அதிகம் பேசப்படுவதில்லை.

கர்ப்பகாலத்தில் ஏறும் எடை முழுவதும் கொழுப்பு அன்று. சராசரியாகப் பன்னிரண்டு கிலோ ஏறுகிறது என்றால், அதில் குழந்தை ஏறத்தாழ மூன்று கிலோ; நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருத்த கருப்பை, கூடுதலாக ஊறிய இரத்தம், உடலில் தங்கிய நீர் ஆகியவை சேர்ந்து இன்னொரு ஐந்தாறு கிலோ; மீதி மூன்று நான்கு கிலோதான் கொழுப்பு. பேறு முடிந்தவுடனேயே ஐந்தாறு கிலோ குறைந்துவிடும். அடுத்த சில வாரங்களில் உடலில் தங்கிய நீர் வெளியேறி, கருப்பையும் ஏறத்தாழ ஆறு வாரத்தில் தன் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். மிஞ்சும் கொழுப்பு, தாய்ப்பால் சுரப்பதற்குத் தேவையான ஆற்றலில் ஒரு பகுதியைக் கொடுப்பதற்காக உடல் முன்கூட்டியே சேர்த்துவைத்தது. ஆகவே அதற்காக யாரும் வெட்கப்படவோ அஞ்சவோ தேவையில்லை. அது செலவாகும் முன்பே அதன்மேல் புதிய கொழுப்பு படியத் தொடங்குவதுதான் கவலைக்குரியது.

தாய்ப்பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதத்தில் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தக் கூடுதல் உணவு அவசியமானது. அதைக் குறைக்கச் சொல்லி நான் எந்தத் தாயிடமும் கூறுவதில்லை. எனினும், நம் மாவட்டத்துப் பேறுகாலச் சாப்பாட்டை ஒரு நாளைக்குக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உள்ளி (சின்ன வெங்காய) லேகியத்தில் எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றே 150 கலோரியைத் தாண்டும்; அதைக் காலையும் மாலையும் கொடுப்பார்கள். நெய்யில் வதக்கிய பெரிய ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) ஒன்று 300 கலோரி அளவுக்கு வரும். தேங்காய்ப்பால் ஊற்றிய உளுந்தங்கஞ்சி ஒரு கிண்ணம் ஏறக்குறைய அதே அளவு. வழக்கமான மூன்று வேளைச் சாப்பாடும் குறையாமல் இவையும் சேரும்போது, 600 என்ற அளவு மாலைக்குள்ளேயே கடந்துவிடுகிறது. கருப்பட்டி சர்க்கரையைவிட நல்லது என்று நம்பி அளவில்லாமல் சேர்ப்பவர்கள் உண்டு; அதன் மணமும் சுவையும் வேறுதான், ஆனால் ஆற்றலைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

இதனால் பேறுகால மருந்தும் கவனிப்பும் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தாய்வீட்டில் வைத்துப் பார்ப்பதும், எண்ணெய் தேய்த்து வேது வெந்நீரில் குளிப்பாட்டுவதும், குனிந்து நிமிரும் வேலையைக் கொடுக்காமல் உறங்க விடுவதும் பச்சை உடம்புக்கு மிகுந்த ஆறுதல் தருபவை. இரத்தம் இழந்து, உறக்கம் இழந்து கிடக்கும் பெண்ணுக்குச் சத்தான உணவை ஆக்கிக் கொடுக்க ஒருவர் இருப்பது பெரும் பேறு. என் வருத்தமெல்லாம் அந்தக் கவனிப்பு முடிகிற விதத்தைப் பற்றியது. தொண்ணூறு நாள் கழிந்து தாய் கணவன் வீட்டுக்குத் திரும்பும்போது உறக்கமும் உதவிக்கிருந்த கைகளும் தாய்வீட்டோடு நின்றுவிடுகின்றன. லேகியப் பாத்திரமும் இரட்டிப்புச் சோறும் மட்டும் அவளோடு கூடவே போகின்றன. "சோறு தின்னாத்தானே மக்ளே பால் ஊறும்" என்று தொலைபேசியில் தாய் சொல்வது எட்டாம் மாதத்திலும் தொடர்கிறது. அன்பினால் சொல்லப்படும் அந்தச் சொல்லை மகளால் மறுக்க முடிவதில்லை. அதனால்தான் ஆலோசனைக்கு வரும்போது தாயையோ மாமியாரையோ உடன் அழைத்து வரும்படி கேட்டுக்கொள்கிறேன். சமையலறையில் அளவைத் தீர்மானிப்பவரிடம் பேசாமல் உண்பவரிடம் மட்டும் பேசுவதால் பயன் மிகக் குறைவு. பால் நன்றாக ஊறுவதற்கு முதல் தேவை, குழந்தை அடிக்கடி, முறையாகப் பற்றிக் குடிப்பது. தேவைக்கு மேல் உண்ணும் சோறு பாலாக மாறுவதில்லை என்பதைப் பெரியவர்களிடம் பொறுமையாக விளக்கினால் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

லேகியத்தை நாற்பது நாளோடு நிறுத்திவிடலாம் என்பதும், நெய்யை நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதும் நான் வழக்கமாகக் கூறும் அளவு.

பச்சை உடம்பில் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்ற நம்பிக்கையை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். இன்றும் சில வீடுகளில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தம்ளருக்கு மேல் தாய்க்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. பேறுக்குப் பின் வயிறு துருத்தித் தெரிவதற்குக் காரணம், கருப்பை இன்னும் சுருங்கிக்கொண்டிருப்பதும், நடுவயிற்றுத் தசைகள் இரு பக்கமும் விலகி நிற்பதுமே. குடித்த தண்ணீர் வயிற்றில் தேங்குவதே இல்லை. தண்ணீரைக் குறைப்பதால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. தாகத்தைப் பசி என்று எண்ணி எதையாவது கொறிக்கும் பழக்கமும் வந்துசேர்கிறது. ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் பக்கத்தில் ஒரு தம்ளர் சீரகத் தண்ணீரோ வெந்நீரோ இருந்தால் போதும். வயிற்றைத் துணியால் கட்டுவது முதுகுக்கு ஒரு பிடிப்பைத் தரலாம், கொழுப்பைக் கரைக்காது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையால்தான் உடம்பு வைத்தது என்று சொல்பவர்களும் பலர். அந்தச் சிகிச்சையில் கருக்குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது, சூலகமும் ஹார்மோன்களும் முன்போலவே இயங்குகின்றன, எனவே அதை எடையேற்றத்துக்குக் காரணமாகச் சொல்வதற்கு அடிப்படை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடப்படும் கருத்தடை ஊசியால் சிலருக்கு எடை கூடுவது உண்மை. அவர்கள் மருத்துவரிடம் கேட்டு வேறு முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

உணவைப் பொறுத்தவரை, கடலும் தோப்பும் உள்ள இந்த மாவட்டத்தில் பிறந்த பெண்களுக்கு விலை கூடிய ஊட்டச்சத்து மாவுகள் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சாளை (மத்தி), நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி) மீன்கள் மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கின்றன. நூறு கிராம் சாளையில் பதினெட்டு கிராம் அளவுக்குப் புரதமும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு உதவும் நல்ல கொழுப்பும் உள்ளன. அதே மீனைத் தேங்காயெண்ணெயில் மூழ்கப் பொரித்தால் பயன் பாதியாகிவிடுகிறது. குழம்பாகவோ அவியலாகவோ வைப்பதே தாய்க்கு நல்லது. மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கில் ஏறத்தாழ எல்லாமே மாவுச்சத்துதான், புரதம் மிகவும் குறைவு. கிழங்கும் மீனும் உண்ணும் நாளில் சோற்றைத் தவிர்த்துவிட வேண்டும், கிழங்கையும் சோற்றையும் ஒரே நாளில் வயிறு நிறைய உண்பதே தவறு. தேங்காயை முற்றிலும் விலக்கச் சொன்னால் இங்கு யாரும் கேட்கப்போவதில்லை, விலக்க வேண்டிய தேவையும் இல்லை. குழம்புக்கு அரைத்து, துவரன் எனும் பொரியலுக்குத் திருவி, அதன்மேல் எண்ணெயும் தாளிக்கும்போது ஒருவர் பங்குக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் பார்த்து, ஒரு வேளைக்கு ஒரு தேங்காய்க் கறி என்று வைத்துக்கொண்டால் போதும். குளிர்ச்சி என்று சொல்லிக் கீரையையும் பழத்தையும் மாதக்கணக்கில் ஒதுக்கிவைப்பது மலச்சிக்கலையும் இரத்தச்சோகையையும் நீட்டிக்கும். முருங்கைக்கீரைத் துவரனும், பயறு போட்ட கஞ்சியும், ஒரு மட்டிப்பழமும் முதல் மாதத்திலிருந்தே உண்ணலாம்.

எடை ஏறுவது பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில் அன்று, வேளை தவறும்போதுதான். குழந்தையைக் குளிப்பாட்டி, பாலூட்டி, உறங்க வைத்து முடிப்பதற்குள் காலை உணவு பதினொரு மணியாகிவிடுகிறது. மதியச் சோறு மூன்று மணிக்கு, கடும்பசியில், அவசரமாக. மாலையில் தேநீரோடு பழம்பொரியோ ஏத்தங்காய்ச் சிப்ஸோ வந்துசேர்கிறது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குக் கூழும் குழைந்த சோறும் ஊட்டத் தொடங்கும்போது, வீணாக்க மனமில்லாமல் மிச்சத்தைத் தாயே உண்கிறாள். நாளுக்கு நான்கு வேளை இப்படி உண்பது யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அவித்த முட்டை, அவித்த கடலை, மோர் போன்றவற்றை முன்கூட்டியே எடுத்துவைத்து, காலை ஒன்பது மணிக்குள் குழந்தையை வேறொருவர் வைத்துக்கொள்ள, தாய் உட்கார்ந்து உண்பதற்கு வீட்டில் வழிசெய்துவிட்டால், எந்த உணவுப் பட்டியலும் தராத பலனை அது தருவதைக் கண்டிருக்கிறேன்.

நடப்பதற்கு நாற்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சுகப்பேறு என்றாலும் சிசேரியன் என்றாலும், மருத்துவர் அனுமதித்தவுடன் வீட்டுக்குள் மெல்ல நடப்பது கால்களில் இரத்தம் உறையாமல் காக்கும். சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. வயிறு குறைய வேண்டும் என்று உடனே படுத்தெழும் பயிற்சிகளைத் தொடங்குவது விலகிய தசையை மேலும் விலக்கக்கூடும். முதலில் இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியும் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியும், பிறகு இயன்முறை மருத்துவர் காட்டித்தரும் பயிற்சிகளும் என்ற வரிசையே சரி. தடை ஏதும் இல்லாத பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று அதைப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டுவேலையே போதாதா என்று கேட்பவர்களிடம், வேலையில் களைப்பு வருவதும் மூச்சு சற்று வாங்கும்படி தொடர்ந்து நடப்பதும் வேறு வேறு என்றே சொல்கிறேன். முந்திரி ஆலையில் நாள் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பருப்புடைக்கும் பெண்ணுக்கு உடல் வலிக்கிறது, ஆனால் கொழுப்பு செலவாவதில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. மழை நாளில் வீட்டு முற்றத்துக் கூரையின் கீழோ கூடத்திலோ நடந்தாலும் அதே பயன்தான்.

உறக்கத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து உறக்கம் கெடும்போது பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன் குறைகிறது. இனிப்பின் மீதும் பொரித்த பண்டத்தின் மீதும் நாட்டம் வருவது மனஉறுதிக் குறைவினால் அன்று. கணவர் வளைகுடா நாட்டில் இருக்கும் வீடுகளிலும், தூத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் திரும்பாத வீடுகளிலும், இரவு முழுவதும் குழந்தையோடு தனியாக விழித்திருக்கும் பெண்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்கு ஒரு வேளை பாலூட்டி முடித்தபின் மூன்று மணி நேரம் இடைவிடாத உறக்கத்தை உறவினர் ஒருவர் ஏற்படுத்திக் கொடுப்பது ஒரு சிகிச்சைக்குச் சமம். காரணமில்லாத அழுகை, எதிலும் விருப்பமின்மை, குழந்தையின் மேல் ஒட்டுதல் வராமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது எடையைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

எவ்வளவு எடை, எவ்வளவு வேகத்தில் குறைய வேண்டும்? முதல் ஆறு வாரம் எடை குறைக்கும் முயற்சியே வேண்டாம். அதன்பின் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையாமல், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை எடுத்துக்கொள்வது பாலுக்கும் தாய்க்கும் பாதுகாப்பானது. வாட்ஸ்அப்பில் விற்கப்படும் எடைக்குறைப்புப் பொடிகளைப் பாலூட்டும் காலத்தில் தொடவே கூடாது. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது, பால் வழியாகக் குழந்தைக்கும் அது போய்ச்சேரக்கூடும். நம்மவர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று கொள்ள வேண்டும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 55 கிலோ. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் குறியீட்டெண் 25-ஐ எட்டியவர்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடாக இருந்து, 2019-21-இல் 40.4 விழுக்காடாக உயர்ந்திருப்பதைத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. மெலிந்து, இரத்தச்சோகையோடு வரும் தாய்மாரும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே சொன்ன குறைப்பு எதுவும் பொருந்தாது.

அளவாக உண்டும் நடந்தும் எடை இறங்காவிட்டால் தாயைக் குறை சொல்வதற்கு முன் தைராய்டு பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பேறுக்குப் பின் சில மாதங்களில் தைராய்டுச் சுரப்பு குறைவது அரிதன்று. தீராத அசதி, முகவீக்கம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவை அதன் அடையாளங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள், பேறு முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். "பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது" என்று இருந்துவிடுபவர்களுக்கு அது பின்னாளில் நிலையான நீரிழிவாகத் திரும்பும் வாய்ப்பு அதிகம், ஏறிய எடை அந்த வாய்ப்பை மேலும் கூட்டுகிறது.

குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசி போட ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ துணை நிலையத்துக்கோ எப்படியும் போகிறோம். குழந்தையை நிறுக்கும் அதே வேளையில் தாயும் தன் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துத் தரும்படி கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு, குழந்தையின் அட்டையிலேயே ஓர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் மாத எடை மூன்றரை மாத எடையைவிடக் கூடியிருந்தால், அடுத்த குழந்தையைப் பற்றி நினைப்பதற்கு முன்பே உணவியலாளரையோ மருத்துவரையோ பார்த்துவிடுவது நல்லது. அந்த நிலையில் குறைக்க வேண்டியது பெரும்பாலும் மூன்று நான்கு கிலோவாகத்தான் இருக்கும்.