தண்ணீரில் கரையுமா, சாராயத்தில் கரையுமா?

மரப்பட்டையில் வெட்டுப்பட்டால் ஏதோ ஒன்று வடிந்து, காற்றுப்பட்டுக் காய்ந்து, பொன்னிறத்தில் உருண்டு நிற்கும். நாம் அதைப் பிசின் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். வேம்பில் வடிவது பிசின். ஜிகர்தண்டாவில் வழுவழுவென்று மிதப்பது பாதாம் பிசின். புகை போடுகிற குங்கிலியமும் மரப்பிசின்தான். பார்வைக்கு எல்லாம் ஒரே சாதிபோல இருந்தாலும் வேதியியல்படி இவற்றில் சிலவற்றுக்குள் ஒட்டுறவே கிடையாது. பழைய கிரேக்கர்கள் இதற்கு இரண்டு சொற்களை வைத்திருந்தார்கள்: கொம்மி, ரேதீனே. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் முன்னது ‘கம்’ ஆனது, பின்னது ‘ரெசின்’ ஆனது. இந்தக் கட்டுரையில் முதல் வகையைக் கோந்து என்றும், இரண்டாம் வகையை ரெசின் என்றும் வைத்துக்கொள்வோம்.

எது எந்த வகை என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், இரண்டு தம்ளர் தண்ணீர் போதும். ஒன்றில் கருவேலம் பிசினைப் போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் ஓரங்கள் இளகி, கையில் ஒட்டும் கரைசலாகிவிடும். பாதாம் பிசின் முழுக்கக் கரையாது, ஆனால் தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு உப்பும். இன்னொன்றில் குங்கிலியத்தைப் போடுங்கள். ஒரு வாரம் கிடந்தாலும் போட்டபடியே கிடக்கும். சாராயத்தில் முடிவு தலைகீழ்: ரெசின் கரைய ஆரம்பிக்கும், கோந்து அசையாது. நெருப்பில் காட்டினாலும் வித்தியாசம் தெரியும். ரெசின் முதலில் உருகும், அப்புறம் கரும்புகையோடு மணந்து எரியும். கோந்து உருகாமல் கருகிப்போகும்.

கோந்து என்பது சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகவும் கிளை கிளையாகவும் கோத்துக்கொண்ட சங்கிலி. அதன் உடல் முழுக்க ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறு வந்து அவற்றில் தொற்றிக்கொள்கிறது, சங்கிலி பிரிந்து மிதக்கிறது. ரெசின் டெர்பீன்கள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஐந்து ஐந்து கார்பன்களாகக் கட்டப்பட்ட, எண்ணெய்க் குணம் கொண்ட மூலக்கூறுகள் அவை. தண்ணீருக்குப் பிடித்துக்கொள்ள அங்கே அதிகம் ஒன்றுமில்லை. வடியும்போது இளகலாக இருப்பதற்குக் காரணம், ஆவியாகக்கூடிய சிறிய டெர்பீன்கள் அதில் கலந்திருப்பது. அவை பறந்துபோக, கனமானவை மிஞ்சி இறுகிவிடும். பைன் மரத்து ரெசினைக் காய்ச்சி வடித்தால் இதே பிரிவினைதான் நடக்கிறது. ஆவியாகிப் போவது டர்பன்டைன், அடியில் தங்குவது வயலின் வில்லில் தேய்க்கிற ரோசின்.

மரத்துக்கு இவற்றால் என்ன லாபம்? ரெசின் அதன் பாதுகாப்புப் படை. பட்டைக்குள் ரெசின் குழாய்கள் ஓடுகின்றன. பூச்சி துளைத்தாலோ கத்தி பட்டாலோ ரெசின் பீறிட்டு வந்து காயத்தை அடைக்கும். அதிலுள்ள பொருள்களில் பல, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாதவை. கோந்து பெரும்பாலும் காயம்பட்ட இடத்துச் செல்கள் சிதைந்து உருமாறுவதால் வருவது.

கொம்மி என்ற சொல் கிரேக்கத்துக்கே எகிப்திலிருந்து போனதுதான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தின் பிணப் பதனிடலை விவரிக்கும்போது, உடலைச் சுற்றும் லினன் துணிப் பட்டைகளில் கொம்மி பூசுவார்கள் என்கிறார். எகிப்தியர் ஒட்டுப்பசைக்குப் பதிலாக அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நைல் படகுகள் செய்யும் முள்மரத்தைப் பற்றிப் பேசும்போது, அதன் கண்ணீர்தான் கொம்மி என்கிறார். அது அக்கேசியா வகை மரம், நம் கருவேலத்துக்குச் சொந்தம். அந்தக் கோந்து இன்றைக்கும் சூடானிலிருந்து உலகமெல்லாம் போகிறது. குளிர்பானத்தில் மணமூட்டும் எண்ணெய் தண்ணீரை விட்டுப் பிரியாமல் நிற்பதற்கு அதைச் சேர்க்கிறார்கள். சர்க்கரைச் சங்கிலியோடு கொஞ்சம் புரதமும் ஒட்டியிருப்பதால் எண்ணெய்த் துளியையும் தண்ணீரையும் அது சமாதானப்படுத்திவிடும்.

ரெசின் பக்கம் வந்தால், எனக்குப் பிடித்தது மஸ்திகே. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்ற பெயரில் கிடைப்பது இதுதான். கிரேக்கத்தின் கியோஸ் தீவில், அதுவும் அதன் தென்பகுதியில், சுமார் இருபத்துநான்கு கிராமங்கள் இதை நம்பி வாழ்கின்றன. மரம் பிஸ்தா இனத்தைச் சேர்ந்தது. இரண்டு மூன்று மீட்டர்தான் வளரும், முறுக்கிக்கொண்டு நிற்கும். இதே இனம் மத்தியதரைக்கடல் ஓரமெல்லாம் இருந்தாலும் வணிக அளவில் மஸ்திகே கிடைப்பது கிட்டத்தட்ட இந்த ஒரு மூலையில்தான்.

கோடையில் மரத்தடியைக் கூட்டிச் சமன் செய்து வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியைத் தூவுகிறார்கள், விழும் துளியில் மண் ஒட்டாமல் இருக்க. அப்புறம் கூரான சிறு இரும்பால் பட்டையில் மேலோட்டமாகக் கீறுகிறார்கள். இந்தக் கீறலுக்கு அங்கே கெந்திமா என்று பெயர், எம்பிராய்டரிக்கும் அதே சொல்தான். ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும் என்பதால் கை நிதானமாக இருக்க வேண்டும். துளி துளியாகக் கசிந்து விழுந்தது இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். பொறுக்கியதைச் சலித்துக் கழுவி, ஒவ்வொரு மணியாக எடுத்துச் சிறு கத்தியால் அழுக்கைச் சுரண்டுவார்கள். ஒரு மரம் ஒரு பருவத்தில் தருவது பெரும்பாலும் இருநூறு கிராமுக்குள். விலை ஏன் அப்படி இருக்கிறது என்று இனிக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தால் முதலில் கண்ணாடி போல நொறுங்கும், லேசான கசப்பும் பைன் வாசனையும் வரும். துப்பிவிடாமல் மென்றால் அரை நிமிடத்தில் பொடியெல்லாம் ஒன்றுகூடி வெள்ளைச் சவ்வாகும். வாயின் சூடு அதை இளக்கிவிடுகிறது. ரெசினில் அரிதாக, மஸ்திகேயில் மிர்சீன் என்ற சிறு டெர்பீன் நீளச் சங்கிலியாகவே கோத்துக் கிடக்கிறது. இழுவைக்கு அதுவும் ஒரு காரணம். பல்லை அரைப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையும் மஸ்திகே என்ற பெயரும் ஒரே குடும்பம்.

இதில் அரசியலும் உண்டு. 1346 முதல் 1566 வரை இத்தாலியின் ஜெனோவா நகர வணிகர்கள் கியோஸைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வியாபாரத்தில் கொழித்தார்கள். கொலம்பஸ் 1493இல் எழுதிய கடிதத்தில், இதுவரை கியோஸில் மட்டுமே கிடைத்த மஸ்திகே தான் கண்டுபிடித்த தீவுகளிலும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். அங்கே இருந்தது வேறு மரம்.

கோந்தும் ரெசினும் ஒரே கட்டியில் சேர்ந்து வருவதும் உண்டு. பெருங்காயம் அப்படித்தான். கட்டிப் பெருங்காயத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால் தெளிவாக இல்லாமல் பால்போல வெளுக்கிறதே, கவனித்திருப்பீர்கள். கோந்து கரைந்து, கரையாத ரெசினைப் பொடித் துளிகளாகத் தாங்கிப் பிடித்துக்கொள்வதால் வரும் வெண்மை அது. குந்துருக்கமும் இதே ரகம்.

இரண்டு சொல்லையும் கடன் வாங்கிய ஆங்கிலம் அவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. சூயிங் கம் ‘கம்’மே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் அது பெருகியபோது மூலப்பொருள் சிக்கிள், அதாவது சப்போட்டா மரத்துப் பால். அது ரப்பர் சாதி. இப்போது பெரும்பாலும் செயற்கைப் பாலிமர். யூகலிப்டஸை ‘கம் மரம்’ என்கிறார்கள். அதில் வடிவது டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த கினோ, நம் வேங்கையில் வடியும் சிவப்புச் சாறு போன்ற சரக்கு.

பூமி மட்டும் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கோந்தை மழை கரைத்துவிடும், மிச்சத்தை நுண்ணுயிர் தின்றுவிடும். புதைந்த ரெசினோ கோடிக்கணக்கான ஆண்டுகளில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, அம்பர் என்ற கல்போன்ற பொருளாகிவிடும். கிரேக்கர் அதை எலெக்ட்ரோன் என்றார்கள். தேய்த்தால் தூசியை இழுக்கும் அதன் குணத்தைப் பார்த்து, ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600இல் அந்தப் பெயரிலிருந்து ஒரு சொல்லை உருவாக்க, அதன் வழியில் வந்ததுதான் ‘எலெக்ட்ரிசிட்டி’.

ஓவியருக்கு இரண்டுமே வேண்டும், மாறிவிடக் கூடாது. நீர்வண்ணத்தைக் காகிதத்தில் பிடித்து வைப்பது அக்கேசியா கோந்து. அதனால்தான் காய்ந்த வண்ணக் கட்டியை ஈரத் தூரிகை மறுபடி இளக்குகிறது. எண்ணெய் ஓவியத்தின் மேல் பூசும் பழைய வார்னிஷ், டர்பன்டைனில் கரைத்த மஸ்திகே. அது ஆண்டுகள் போகப் போகக் காற்றும் ஒளியும் பட்டு மஞ்சளாகும். புதுப்பிப்பவர்கள் பஞ்சில் கரைப்பானைத் தொட்டு அந்தப் படலத்தை மட்டும் துடைத்தெடுக்கிறார்கள். கீழே இருக்கும் எண்ணெய் வண்ணம் பல பத்தாண்டுகளில் இறுகிவிட்டிருப்பதால், கரைப்பானைச் சரியாகத் தேர்ந்தால் அது அசையாது.