ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் வண்டி ஏன் நகரவில்லை?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வனவிலங்குக் காப்பகம் ஒன்றின் ஊடாகப் போகும் மலைப்பாதையில் ஜீப்பில் போனோம். பெரிய பள்ளம் ஒன்றைக் குறுக்காகக் கடக்கும்போது முன்பக்க இடது சக்கரமும் பின்பக்க வலது சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிட்டன. ஃபோர் வீல் டிரைவ் போட்டுத்தான் இருந்தது. எழும்பிய இரண்டும் காற்றில் வேகமாகச் சுற்றின. தரையில் இருந்த இரண்டும் அசையவே இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போகிறது என்றால் இது எப்படி நடக்கும்?"

அருமையான கேள்வி. பதில் வண்டியின் அடியில், ஆக்சிலின் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் அச்சின்) நடுவே உருண்டையாகப் புடைத்துத் தெரியும் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குள் இருப்பது டிஃபரன்ஷியல். வண்டியில் இருக்கும் எல்லாப் பாகங்களிலும் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

முதலில் அது எதற்கு என்று பார்த்துவிடலாம். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் போகின்றன. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இருந்தால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் சுமார் 2.36 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். வளைவு இறுக்கமாக இருந்தாலும் அகலமாக இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. பள்ளிக்கூட வடிவியல்தான், ஆனாலும் எழுதிப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கும். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், திருப்பத்தில் ஏதாவது ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். 1820களில் பிரான்ஸ் நாட்டுக் கடிகாரத் தொழிலாளியான ஒனெசிஃபோர் பெக்கர், தன் நீராவி வண்டிக்காக இந்தச் சிக்கலைத் தீர்த்தார். இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குள் அவருடைய யோசனைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்ஜினிலிருந்து வரும் தண்டு கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன் வீலோடு ஒரு கூடு இணைந்திருக்கிறது, அதுவும் கூடவே சுற்றும். கூட்டின் குறுக்கே ஒரு முளை. அந்த முளையில் ஒரு குட்டிப் பல்சக்கரம், தன்னிச்சையாகச் சுழலும்படி மாட்டியிருக்கிறது. அதன் ஒரு பக்கப் பற்கள் இடது சக்கரத்துக்குப் போகும் பல்சக்கரத்தோடும், எதிர்ப்பக்கப் பற்கள் வலது சக்கரத்துக்குப் போகும் பல்சக்கரத்தோடும் பொருந்தியிருக்கின்றன. சரி, அவ்வளவுதான் அமைப்பு.

இப்போது அந்தக் குட்டிப் பல்சக்கரத்தைத் தராசுத் தண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் நடுப்புள்ளியைக் கூடு தள்ளுகிறது. இரண்டு முனைகளும் இடது, வலது பல்சக்கரங்களைத் தள்ளுகின்றன. இருபுறமும் ஒரே அளவு எதிர்த்தால் தண்டு சாயாது, எல்லாம் ஒன்றாக முன்னே போகும். வண்டி நேராகப் போகும்போது குட்டிச்சக்கரம் தன் முளையில் சுழலாமல் இருப்பது இதனால்தான். திருப்பத்தில் ஒரு முனை கொஞ்சம் பின்தங்கும், மறுமுனை அதே அளவு முந்தும். ஆக, கூட்டின் வேகம் எப்போதும் இரண்டு சக்கர வேகங்களின் சராசரி. ஒரு கணக்குப்பொறி போல எந்த நேரமும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொண்டே இருக்கிறது, வெறும் இரும்புப் பற்களால்!

ஆனால் வேகத்தைப் பிரித்துக்கொள்ள விடும் அதே தண்டு, விசையில் கறாராக இருக்கிறது. நடுவில் தள்ளும் தண்டின் இரண்டு முனைகளும் எப்போதும் சமமாகத்தான் அழுத்தும். ஒரு முனையை எதிர்க்க எதுவுமே இல்லையென்றால் தண்டு அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். மறுமுனையிலும் அழுத்தம் இருக்காது.

எண்களில் பார்க்கலாம். இடது சக்கரம் சேற்றில் இருக்கிறது, 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு மேல் போனால் வழுக்கிவிடும். வலது சக்கரம் நல்ல பாறையில், 1000 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். கிடைப்பது 1100 என்று தோன்றும். உண்மையில் கிடைப்பது இடதுக்கு 100, வலதுக்கும் 100, மொத்தம் 200. இடது சக்கரம் காற்றில் இருந்தால் தாங்குவது கிட்டத்தட்டப் பூஜ்யம், வலதுக்கும் பூஜ்யம். இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சராசரி விதிப்படி, நிற்கும் சக்கரத்தின் வேகமும் சேர்ந்து காற்றில் இருக்கும் சக்கரத்துக்கே போகும். அது கூட்டைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும்.

ஃபோர் வீல் டிரைவ் செய்வது என்னவென்றால், முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் ஒன்றாகப் பிணைப்பது. ஆனால் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனித்தனி டிஃபரன்ஷியல் உண்டு. வாசகரின் வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மூலைவாட்டில் எழும்பியதால் இரண்டு தராசுகளும் ஒரே நேரத்தில் சாய்ந்துவிட்டன.

இதற்குத் தீர்வுகள் மூன்று விதம். நேரடியானது டிஃப் லாக்: கூட்டையும் ஒரு பக்கப் பல்சக்கரத்தையும் பூட்டிவிட்டால் தண்டு சாயவே முடியாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கு அது தாங்கக்கூடிய முழு விசையும் போகும். இரண்டாவது, 1958-இல் அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் காப்புரிமை பெற்ற டோர்சென் வகை. அது பிடிப்பு குறைந்த பக்கத்தின் விசையைச் சில மடங்கு பெருக்கி மறுபக்கத்துக்குக் கொடுக்கும். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே, அதனால் சக்கரம் முழுதாகக் காற்றில் இருந்தால் அதுவும் கைவிட்டுவிடும். மூன்றாவது, புது வண்டிகளில் வரும் மின்னணு முறை. சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் தேடிப் பிடித்து பிரேக் போடும். பிரேக் 300 நியூட்டன் மீட்டர் எதிர்த்தால் தராசு விதிப்படி மறுபக்கத்துக்கும் 300 கிடைக்கும்.

இந்த இடத்தில் பலர் சொல்லும் ஒரு யோசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் காலால் பிரேக்கை லேசாக மிதித்தாலே போதும், வண்டி வெளியே வந்துவிடும் என்பார்கள். கால் பிரேக் ஓர் ஆக்சிலின் இரண்டு பக்கங்களையும் சமமாகப் பிடிக்கிறது. காற்றில் இருக்கும் சக்கரத்தின் பிரேக் 300 எதிர்ப்பதால் மறுபக்கத்துக்கு 300 போகும், ஆனால் அந்தப் பக்கப் பிரேக்கும் அதே 300-ஐப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் ஒன்றும் இல்லை. டோர்சென் வண்டியில் இந்த யோசனை பலிக்கும், ஏனென்றால் அங்கே மறுபக்கத்துக்குப் போவது 300-இன் பல மடங்கு.

மின்னணு முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சக்கரம் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். டிஃப் லாக் அப்படியில்லை, பள்ளத்தில் இறங்குவதற்கு முன்பே போட்டுவிடலாம். காப்பகத்தில் இந்த வித்தியாசம் பெரிது. வழுக்கிச் சுற்றும் சக்கரம் மண்ணைப் பறித்து எறிகிறது. அடுத்த மழையில் அந்தக் குழி ஓடையாகிறது. பின்னால் வரும் வண்டிகள் குழியைச் சுற்றிக்கொண்டு புல்லில் ஏறுகின்றன, ஒரு பாதை இரண்டு பாதையாகிறது. வண்டி ஏறிய மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில தடவைகளிலேயே நடந்துவிடும். அதனால் 'நான் ஒருவன் மட்டும் ஓரமாகப் போனால் என்ன' என்பது மண்ணைப் பொறுத்தவரை தவறான கணக்கு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல், அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் பயிற்சி எடுத்த டாங்கிகளின் தடங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் தரையில் தெரிந்தன.

அப்புறம் வேகம். முதல் கியர் 4 மடங்கு, லோ ரேஞ்ச் (வேகத்தை இன்னும் குறைக்கும் கூடுதல் கியர்) 2.5 மடங்கு, ஆக்சில் 4 மடங்கு என்றால் மொத்தம் 40 மடங்கு குறைப்பு. இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் சக்கரம் 25 சுற்று மட்டுமே சுற்றும். சுற்றளவு 2.3 மீட்டர் உள்ள டயரில் அது மணிக்கு சுமார் 3.5 கிலோமீட்டர், ஆள் நடக்கும் வேகம். இறக்கத்திலும் அதே கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. டயரில் காற்றைக் குறைப்பதும் உதவும்: காற்றழுத்தத்தைப் பாதியாக்கினால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், மண்ணின் மேல் அழுத்தமும் அந்த அளவுக்குக் குறையும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பியாக வேண்டும்.

மெதுவாக ஊர்ந்து போகும் வண்டி சத்தமும் குறைவாகப் போடும். சத்தம் மட்டும் என்ன செய்யும் என்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள பாய்சி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் சோதித்தார்கள். சாலையே இல்லாத மலைமுகடு ஒன்றில் வரிசையாக ஒலிபெருக்கிகளை வைத்து, பதிவுசெய்த வண்டிச் சத்தத்தைச் சில நாட்கள் போட்டார்கள், சில நாட்கள் நிறுத்தினார்கள். சத்தம் இருந்த நாட்களில் பறவைகளின் எண்ணிக்கை கால் பங்குக்கும் மேல் குறைந்தது. போகாமல் தங்கிய பறவைகளிலும் சில இனங்களின் உடல்நிலை மெலிந்திருந்தது. வண்டி இல்லை, புகை இல்லை, தூசி இல்லை, வெறும் ஒலி. இத்தனை தெளிவான விடை தந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டது ஒலிபெருக்கிகளும், பொறுமையாகப் பறவைகளை எண்ணும் மனிதர்களும். காப்பகங்களுக்குள் பாதை போடச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாதையைப் போட்ட பிறகு கேட்பதைவிட, போடும் முன் கேட்பது மலிவு.

டிஃபரன்ஷியலே இல்லாத வண்டிகளும் இப்போது வந்துவிட்டன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மின்மோட்டார், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு விசை என்பதைக் கணினி தீர்மானிக்கும். 1900-இலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே சக்கரத்துக்குள் மோட்டார் வைத்து லோனர் நிறுவனத்துக்கு வண்டி செய்திருக்கிறார். ஆனால் ஒவ்வொரு சக்கரத்தையும் நொடிக்குப் பலமுறை கவனித்துத் திருத்தும் கணினி அன்று இல்லை. 2021-இல் வந்த ரிவியன் ஆர்1டி என்ற அமெரிக்க மின்சார பிக்கப் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு மோட்டார்கள். இன்ஜின் இரைச்சலும் கிடையாது. ஆனால் பேட்டரியோடு சேர்ந்து அந்த வண்டியின் எடை மூன்று டன்னைத் தாண்டுகிறது, மழையில் ஊறிய காட்டுப்பாதை அத்தனை எடையையும் சுமக்க வேண்டும்.